கண்மட்டக் கோடு

வெண்டெல் ஸ்டாம்ப்ஸ் கூரை அறுத்துக் கொடுத்த வண்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று ஆயில்டேலில் பேர். வருஷத்துக்கு நாலு தூறல் விழுகிற ஊரில் இது என்ன பெரிய பெருமை என்று அவன் மனைவி நடீன் கேட்பாள். வெண்டெல் பதில் சொல்ல மாட்டான். பதில் சொல்லாமலே குடும்பம் நடத்தத் தெரிந்த ஆள் அவன்.

ஓக்லஹோமாவில் மண்ணெல்லாம் காற்றோடு போன காலத்தில், லாரி மேல் மெத்தை, மெத்தை மேல் கோழிக்கூண்டு, கூண்டைக் கட்டிப் பிடித்தபடி ஒரு பையன் என்று கலிபோர்னியாவில் வந்து இறங்கிய குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. பருத்தி எடுத்தான். சண்டைக்குப் போய் டாங்கிகளைப் பழுது பார்த்தான். திரும்பி வந்து, கெர்ன் ஆற்றுக்கு வடக்கே எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றிவந்து பம்புகளைக் கவனிக்கிற வேலையில் ஒட்டிக்கொண்டான். அது வயிற்றுக்கு. மனசுக்கு, வீட்டின் பின்னால் தகரம் அடித்த ஒரு கேரேஜ் இருந்தது.

யாராவது ஒரு பழைய ஃபோர்டை எங்கிருந்தாவது இழுத்துக்கொண்டு வருவார்கள். மட்கார்டைக் கழற்றுவது, பானெட்டைத் தூக்கிப் போடுவது, அந்த வண்டிக்கு ஆகாத பெரிய இன்ஜினைத் திணிப்பது எல்லாம் அந்தத் தெருவில் எல்லோருக்கும் வரும். சனிக்கிழமையானால் வீட்டுக்கு வீடு இப்படி மாற்றிக் கட்டிய ஒரு ஹாட் ராட் உறுமும், வீட்டுக்கு வீடு ஒரு மனைவி கத்துவாள். ஆனால் கூரையைத் தூணோடு அறுத்து, அரைச் சாண் குறைத்து, மறுபடி பற்றவைத்து, ஒட்டுத் தெரியாமல் ஈயம் பூசித் தேய்ப்பது வெண்டெலுக்குத்தான் வரும். கூரை தாழ்ந்த வண்டி யாரையோ முறைத்துக்கொண்டே போவதுபோல் இருக்கும். பையன்களுக்கு அதுதான் வேண்டும்.

அறுப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. சடங்கு என்று சொன்னால், ஞாயிறுதோறும் பாப்டிஸ்ட் சர்ச்சில் முன்வரிசையில் உட்காருகிற அவனுக்குக் கோபம் வரும். முறை என்று வைத்துக்கொள்வோம். சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கனமான பலகை ஒன்றைப் போல்ட் போட்டு முடுக்குவான். ஸ்பிரிங் அமுங்கும், பலகை அமுங்காது. வண்டிக்காரன் சாயங்காலம் அதில் உட்கார்ந்து, மூச்சை விட்டு, முன்கண்ணாடி வழியாகத் தூரத்தில் தலையாட்டிக்கொண்டிருக்கும் எண்ணெய்ப் பம்பைப் பார்க்க வேண்டும். வெண்டெல் ரசமட்டத்தை அவன் கண்ணோரத்தில் பிடித்து, இடப்பக்கக் கதவுத் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பான். காலையில் மறுபடி உட்கார வைத்துப் பார்ப்பான். படுத்து எழுந்த மனுஷன் ஒரு நூல் உயர்ந்திருப்பான். அந்த ஒரு நூலையும் சேர்த்துக்கொண்டுதான் கூரையை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வான். உயரலாம், சமமாக இருக்கலாம். குறைய வழியே இல்லை.

ஹாய்ட் ப்ரூயிட்டுக்குக் குறைந்தது.

ஹாய்ட் கொரியாச் சண்டையிலிருந்து முழுசாகத் திரும்பி வந்து, எண்ணெய்க் கிணறு தோண்டும் கூட்டத்தில் சேர்ந்திருந்த பையன். காலையில் வேடிக்கை பார்க்க நாலு பேர் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். உட்கார்ந்ததும் அவன் குனிந்து பலகையைப் பார்த்தான்.

"என்னண்ணே, பலகைய எறக்கிட்டீங்களா? பள்ளமா இருக்கு."

"நிமிந்து ஒக்காருடா."

"நிமிந்துதாண்ணே இருக்கேன். இதுக்கு மேல நிமிந்தா கழுத்து கழண்டு கையில வந்துரும்."

"ராத்திரி பொண்டாட்டி தலையில குட்டிருப்பா," என்றான் காப்பிக்காரர்களில் ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். ரசமட்டத்தின் குமிழ் நடுவில் நின்றது. சாக்பீஸ் கோடு ஹாய்டின் கண்ணுக்கு இரண்டு விரல் மேலே இருந்தது. வெண்டெல் போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தான், முடுக்கியது முடுக்கியபடி இருந்தது. தன் கைப்பிழை என்று கோட்டை அழித்து வேறு போட்டான். கூரையில் ரம்பம் வைக்குமுன் எண்ணெய்க் கிணற்றடியில் குழாய்கள் சரிந்து ஹாய்ட் போய்விட்டான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் வெண்டெலும் ஒருத்தன். அன்றைக்கு அவன் கோட்டை நினைக்கவே இல்லை.

நினைக்க வைத்தது எல்ஸி. முடிவெட்டுகிற அந்தக் கிழவனுக்கு வாய் ஓயாது, உடம்பும் அதற்கேற்றபடி. அந்த வயசில் அவனுக்கு எதற்குக் குட்டைக் கூரை என்று கேட்காத ஆள் இல்லை. காலையில் கேரேஜில் அவர்கள் இரண்டு பேர்தான். எல்ஸி உட்கார்ந்தான், பேச்சு பாதியில் நின்றது.

"என்ன வெண்டெல், எடத்த மாத்திட்டியா? சேத்துல ஒக்காந்த மாதிரி இருக்கு. இன்னும் எறங்கும் போல இருக்குய்யா."

வெண்டெல் ரசமட்டத்தைப் பிடித்துப் பார்த்தான், கோடு எல்ஸியின் கண்ணுக்கு மேலே நின்றது. சில வாரம் கழித்து எல்ஸி தன் கடை நாற்காலியிலேயே, முகத்தில் செய்தித்தாளை மூடியபடி இறந்து கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்து ஒரு ஆள் வெகுநேரம் எதிரே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவரை நினைத்தால் எனக்கு இப்போதும் முதுகில் ஏதோ ஊர்கிறது.

எல்லோருக்கும் அப்படி ஆனது என்று சொல்லக்கூடாது. இடையில் எத்தனையோ பேர் உட்கார்ந்தார்கள், கோடு சரியாக நின்றது, இன்றைக்கும் ஊரில் குட்டைக் கூரையோடு சுற்றிப் பெட்ரோலைக் கரைக்கிறார்கள். அதனால்தான் வெண்டெலால் அதைத் தற்செயல் என்று தள்ளவும் முடியவில்லை. வரப்போகும் சாவைக் கோடு காட்டுகிறதா, இல்லை, கோடு போட்டதால்தான் சாவு வருகிறதா? பம்பிலிருந்து பம்புக்குப் போகும் வழியெல்லாம் இதே யோசனை. கேட்டால் பைத்தியம் என்பார்கள். கேட்காமல் இருந்ததில் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மூன்றாவது ஆள் விர்ஜில் மேடக்ஸ். டாஃப்ட் பக்கம் ஒரு பெண்ணை மயக்க வேண்டும் என்பதற்காகவே வண்டி கட்டிய பையன். காலையில் சீட்டியடித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான். சீட்டி நின்றது.

"அண்ணே, பலகை பள்ளமா இருக்கே."

வெண்டெல் ரசமட்டத்தைப் பிடித்தான். கோடு மூன்று விரல் மேலே.

"சரியா இருக்குடா," என்றான். "கோட்டுக்கு நேரா இருக்கு."

வேறு என்ன சொல்வது? தாடி கூட ஒழுங்காக முளைக்காத பையனிடம் நீங்கள்தான் சொல்லிப் பாருங்களேன். வெண்டெல் தன் வாழ்நாளிலேயே நல்ல வேலையை அந்த வண்டிக்குத்தான் செய்தான். விர்ஜில் ஒரு குளிர்காலம் முழுக்க அதை ஓட்டினான், டாஃப்ட் பெண்ணும் மயங்கினாள். வசந்தத்தில் மலையில் பனி உருகிக் கெர்ன் ஆறு பெருகியபோது குளிக்க இறங்கினான். ஆறு அவனைத் திருப்பிக் கொடுக்க அதன் இஷ்டத்துக்கு நாள் எடுத்துக்கொண்டது. வண்டி இன்றும் அவன் அம்மா வீட்டு முற்றத்தில் நிற்கிறது. உள்ளே கோழிகள் முட்டையிடுகின்றன. அவள் விரட்டுவதில்லை.

ஆறு விர்ஜிலைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு வெண்டெல் எல்லாவற்றையும் நடீனிடம் சொல்லி அழுதான். அவள் முறத்தில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீ கோடு போடாம இருந்திருந்தா ஆறு வத்திப் போயிருக்குமா?"

"தெரியல. அதான் தெரியல."

"தெரியலைன்னா விட்டுத்தொலை."

விட்டான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, கையைத் தூக்க முடியவில்லை என்று வந்தவர்களிடம் சொன்னான். இன்ஜின் வேலை மட்டும் எடுத்தான். சாக்பீஸ் பெட்டியைக் குப்பையில் போட்டான். ஊர் கொஞ்ச நாள் வருத்தப்பட்டது, பிறகு மறந்தது.

மறக்காத ஒருத்தி வீட்டுக்குள் இருந்தாள். மகள் அர்லெட்டா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், வீட்டில்தான் ஒன்றும் தெரியவில்லை. ஆர்வின் ஊர்ப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டக்காரரின் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த முப்பத்துநாலாம் வருஷ ஃபோர்டு ஒன்றைக் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தாள். பிரேக், கியர், வயரிங் எல்லாம் தன் கையாலேயே முடித்தாள். கூரை மட்டும்தான் பாக்கி.

"ஊர்ல இருக்கற உருப்படாதவனுக்கெல்லாம் அறுத்துக் குடுத்தீங்க. பெத்த பொண்ணுன்னா மட்டும் தோள் வலி வந்துருது."

"கூரை எறங்குனா முடி மேல இடிக்கும்மா. பொண்ணுங்களுக்குச் சரிப்படாது."

மறுநாள் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இப்ப என்ன சொல்லப் போறீங்க?"

அவன் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். ராத்திரி சாப்பிடும்போது அவள் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு பட்டறையில் விசாரித்துவிட்டதாகச் சொன்னாள். அங்கே கோடும் கிடையாது, கீடும் கிடையாது, கொண்டுவந்து விட்டால் அறுத்துக் கொடுத்துவிடுவார்களாம். அதைக் கேட்டதும், குரலே உயர்த்தாத மனுஷன் சாப்பாட்டு மேஜையில் கத்தினான். வண்டியை வித்துத் தொலை என்றான். அர்லெட்டா தட்டைத் தள்ளினாள்.

நடீன் பீன்ஸ் பாத்திரத்தை மேஜையில் தொம்மென்று வைத்தாள்.

"போதும். உங்கப்பாவுக்குத் தோளும் வலிக்கல, வயிறும் வலிக்கல. பயம். உன்னை அந்தப் பலகையில ஒக்கார வெச்சுப் பாக்கறதுக்குப் பயம்." பிறகு ஹாய்ட், எல்ஸி, விர்ஜில் மூவரையும் பற்றிச் சொன்னாள். விர்ஜிலிடம் சொன்ன பொய்யையும் விடவில்லை.

அர்லெட்டா சோள ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் தூளாக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று வெண்டெல் எதிர்பார்த்தான். சிரித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"இனிமே எனக்குத் தெரியாம இருக்க முடியாது," என்றாள். "நான் டவுனுக்குப் போயி கோடில்லாம அறுத்துட்டு வந்தா, நீங்க நிம்மதியா இருப்பீங்களா?"

அவன் தலையை ஆட்டினான். இருக்க மாட்டான். அவள் வீடு திரும்பக் கொஞ்சம் தாமதமானால் வாசலுக்கும் கேரேஜுக்குமாக நடந்தே செத்துப்போவான்.

"அப்ப ரெண்டு பேருக்கும் போடுவோம். எனக்கு நீங்க போடுங்க, உங்களுக்கு நான் போடறேன்."

"எனக்கெதுக்கு?"

"ஊர்க் கூரையெல்லாம் அறுத்தவரு வண்டி முழுத் தொப்பியோட நிக்குது, அதுக்குத்தான். அப்புறம், நான் மட்டும் தனியா ஒக்காந்து பயப்பட மாட்டேன். பயம்னா ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்."

மறுநாள் சாயங்காலம் இரண்டு வண்டியிலும் பலகை ஏறியது. அர்லெட்டா கடையிலிருந்து புது சாக்பீஸ் வாங்கி வந்திருந்தாள். அவளுக்கு அவன் போட்டான், அவனுக்கு அவள் போட்டாள். தன் கோடு எங்கே விழுந்தது என்று அவன் சரியாகக்கூடக் கவனிக்கவில்லை. அவளுடையதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தான். போல்ட் ஒவ்வொன்றையும் முழு பலத்தோடு முடுக்கினான், பலகை இறங்க முடியாதபடி கீழே ஆப்பு அடித்தான். பலகை எந்தக் காலத்திலும் இறங்கியதில்லை என்பது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அடித்தான்.

விடிந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்துப் பனி வந்து உட்கார்ந்தால் பக்கத்து வீடு காணாமல் போகும், நீட்டிய கை காணாமல் போகும். நடீன் அடுப்படியை விட்டு வரவில்லை. "எனக்கு மாவு பிசையணும்," என்றாள். பிசைந்து முடித்த மாவையே பிசைந்துகொண்டிருந்தாள்.

கேரேஜ் கதவைத் திறந்தால் வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. பார்க்க வேண்டிய பம்பு இல்லை, அது ஏறி இறங்கும் முனகல் மட்டும் வந்தது. வழக்கத்தைவிடப் பக்கத்திலிருந்து வருவதுபோல் வெண்டெலுக்குத் தோன்றியது.

"சத்தம் வர்ற பக்கமாப் பாரு," என்றான்.

அர்லெட்டா ஏறி உட்கார்ந்தாள். அவன் காத்திருந்தான். அவள் வாயிலிருந்து பள்ளம் என்ற அந்த வார்த்தை வரப்போகிறது என்று நின்றான்.

"பலகை ஜில்லுன்னு இருக்கு," என்றாள்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. கெட்டியா இருக்கு."

அவன் ரசமட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து அவள் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனான். குமிழ் அங்கும் இங்கும் ஓடியது. ஒரு வழியாக நின்றது. ரசமட்டத்தின் விளிம்பு கோட்டைத் தொட்டு, அதற்கு ஒரு நூல் மேலே இருந்தது.

"ஒரு நூல் மேல," என்றான். ரசமட்டத்தை எடுக்காமலே மறுபடி சொன்னான். "ஒரு நூல் மேலம்மா."

"விர்ஜிலுக்குச் சொன்ன மாதிரி சொல்றீங்களா?"

அவன் அவள் விரலைப் பிடித்து ரசமட்டத்தின் ஓரமாகவே நகர்த்தித் தூணில் வைத்தான். எடுத்தபோது விரல் நுனியில் வெள்ளையாக சாக்பீஸ் ஒட்டியிருந்தது. அவள் அதையே பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். வெண்டெல் அப்படியே வண்டியின் ஏறுபடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். ஹாய்ட் போனபோது அழாததையும் சேர்த்து அழுதான். இவ்வளவு சந்தோஷம் தாங்கும் உடம்பு தனக்கில்லை என்று நினைத்தான்.

"எந்திரிங்கப்பா. அம்மா பாத்தா நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கப் போறா," என்றாள் அர்லெட்டா. அவள் மூக்கும் சிவந்திருந்தது. "இப்ப உங்க முறை."

"எனக்கு என்னத்தப் பாக்கப் போற? அறுத்துத் தள்ளு, குனிஞ்சு ஓட்டிக்கறேன்."

"பேச்சு மாறக்கூடாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

பலகை பள்ளமாக இருந்தது.

நேற்று அவனே முடுக்கிய பலகை. சேற்றில் உட்கார்ந்த மாதிரி என்று எல்ஸி சொன்னபோது, வாயாடி, பெரிதுபடுத்துகிறான் என்று எண்ணியிருந்தான். பெரிதுபடுத்தவில்லை. உட்கார்ந்த பிறகும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை. குளிர்ச்சியாக, கொஞ்சம் சுகமாகக்கூட இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. எதிரே கண்ணாடி முழுக்கப் பனி. பம்பின் முனகல் இப்போது பானெட்டுக்கு அருகிலேயே கேட்டது.

அர்லெட்டா ரசமட்டத்தோடு குனிந்தாள். அவள் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது. பிறகு மூச்சு நின்றது.

"அப்பா, கொஞ்சம் நிமிந்து..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

"நிமிந்துதாம்மா இருக்கேன்."

பம்பு ஏறியது, இறங்கியது.

"சரியா இருக்குப்பா," என்றாள். "கோட்டுக்கு நேரா இருக்கு."

குரலில் பிசிறில்லை. விர்ஜிலிடம் அவன் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். தூண் அவன் இடது தோளுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தலையைத் திருப்பினால் பார்க்கலாம், விரலை நீட்டினால் தொட்டுப் பார்க்கலாம். அவன் திருப்பவில்லை, விரலைக் கேட்கவுமில்லை. அவள் ரசமட்டத்தைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தாள்.

"நேரா இருந்தா சரி," என்றான்.

பலகையிலிருந்து எழுந்திருக்க அவன் எதிர்பார்த்ததைவிட அதிக பலம் வேண்டியிருந்தது. இறங்கி, அவளுடைய வண்டிப் பக்கம் போய், கூரையில் உள்ளங்கையை வைத்தான்.

"உன் வண்டிய முதல்ல எடுத்துக்குவோம். ரம்பத்தக் கொண்டா."

அடுப்படி ஜன்னலிலிருந்து நடீன் கூப்பிட்டாள். ரொட்டி சூடாக இருக்கிறது, குழம்பு ஆறுகிறது, என்ன ஆச்சு என்று யாராவது வந்து சொல்லுங்களேன் என்றாள்.

"ரெண்டு பேருக்கும் சரியா இருக்கு," என்று வெண்டெல் பனிக்குள் குரல் கொடுத்தான். பிறகு மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "சாப்பாடெல்லாம் அப்புறம். இப்பவே ஆரம்பிச்சா உன்னுதை முடிச்சிடலாம்."

எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிற பெண், ஒரு வார்த்தை பேசாமல் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.